தானமா, கடனா?

1951-ல், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் மாவட்டக் கவுன்சில் தன் ஊர்களை நான்கு வகையாகப் பிரித்தது. ஏ வகை ஊர்கள் வளரும். பி வகை இருந்தபடி இருக்கும். சி வகை சுருங்கும். டி என்று குறிக்கப்பட்ட ஊர்களுக்கு இனி சொல்லிக்கொள்ளும்படியான பொதுப்பணம் எதுவும் போகாது. வீடுகள் பாழாகும்போது இடிக்கப்படும். குடியிருப்பவர்கள் வேறு ஊர்களுக்கு மாற்றப்படுவார்கள். 100-க்கும் மேற்பட்ட ஊர்களின் மேல் இந்த டி முத்திரை விழுந்தது.

அவற்றில் பெரும்பாலானவை நிலக்கரிக்காகவே தோன்றிய ஊர்கள். மேற்கு டர்ஹாமில் கரி தீர்ந்துகொண்டிருந்தது. சுரங்கம் மூடினால் ஊருக்கு வேறு பிழைப்பு இல்லை. இருக்கிற பணத்தை எதிர்காலம் உள்ள ஊர்களில் போடுவோம் என்பது கவுன்சிலின் கணக்கு. தாளில் பார்த்தால் அதில் பிழை சொல்வது எளிதல்ல. ஆனால் விட்டன் பார்க் போன்ற ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அது வேறாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் இரும்பாலையால் செழித்த ஊர் அது. முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் விருது பெற்று, அதே போரில் மாண்ட ஜார்ஜ் பிராட்ஃபோர்டு, ரோலண்ட் பிராட்ஃபோர்டு சகோதரர்கள் பிறந்ததும் அங்கேதான். நாட்டுக்கு இரும்பும் கரியும் கொடுத்து, பிள்ளைகளையும் கொடுத்த ஊர்களிடம் இனி உங்களுக்குச் செலவு செய்வதில் பயனில்லை என்று சொல்லப்பட்டது. சொல்வதற்கு முன் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நலிந்த ஊர்களுக்கும் தெருக்களுக்கும் அரசு பணம் தர வேண்டுமா என்பதைப் பொருளாதார விவகாரமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். அதன் அடியில் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. சேர்ந்து வாழும் ஒரு கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் வாழ்ந்தது போதும் என்று முடிவு செய்ய யாருக்கு அதிகாரம் உண்டு? பிறரிடம் வாங்கிய வரிப்பணத்தால் அவர்களைத் தூக்கி நிறுத்துவது அறமாகுமா? 1980-களின் பிரிட்டனில் ஒரு பிரதமரும் ஒரு பேராயரும் ஒரு தலைமை ரப்பியும் இதை வேதத்தை முன்வைத்தே வாதிட்டார்கள். அரசியல்வாதிகளும் மதத் தலைவர்களும் ஏழ்மையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக மோதிக்கொண்ட காலம் அந்த நாட்டின் அண்மை வரலாற்றில் வேறு இல்லை எனலாம்.

மோதலுக்கு விதை லிவர்பூலில் விழுந்தது. 1931-ல் சுமார் 8.5 லட்சம் பேர் வாழ்ந்த அந்தத் துறைமுக நகரில் 1981-ல் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 5 லட்சம். கப்பல் சரக்கு கன்டெய்னருக்கு மாறியதும் ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளிகளுக்கு வேலை போனது. ஆல்பர்ட் டாக் 1972-லேயே மூடப்பட்டுச் சேறு மண்டிக் கிடந்தது. 1981 ஜூலையில் டோக்ஸ்டெத் பகுதியில், கறுப்பின இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் நெடுநாளாகப் புகைந்த பகை கலவரமாக வெடித்தது. வட அயர்லாந்து நீங்கலான பிரிட்டனில் கலவரத்தை அடக்க முதன்முதலாகக் கண்ணீர்ப்புகை பயன்படுத்தப்பட்டது அப்போதுதான்.

அதன்பின் அமைச்சரவைக்குள் நடந்த விவாதம் 30 ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பரில் ஆவணக் காப்பகம் கோப்புகளை வெளியிட்டபோது தெரியவந்தது. நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹோவ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு எழுதிய கடிதத்தில், இருக்கிற சொற்பப் பணத்தை லிவர்பூலில் கொட்டித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார். அந்த நகரை நிதானமாகத் தேய விட்டுவிடும் வழியையும் முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம் என்றும், தேய விடுதல் என்ற சொல்லைத் தனிப்பேச்சில்கூடப் பயன்படுத்துவது நல்லதல்ல என்றும் எழுதியிருந்தார். அது அரசின் கொள்கை ஆகவில்லை. டர்ஹாமின் டி பட்டியல் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. அடுத்த தலைமுறையில் அதே எண்ணம் ரகசியக் கடிதத்துக்குள் ஒதுங்கியது. இடைப்பட்ட காலத்தில் மக்களின் மனசாட்சி மாறியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

எதிர்ப்பக்கம் நின்றவரும் அதே கட்சிக்காரர்தான். சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் கலவரம் ஓய்ந்ததும் லிவர்பூலில் வாரக்கணக்கில் தங்கித் தெருத்தெருவாக நடந்தார். வங்கித் தலைவர்களையும் நிதி நிறுவனத்தாரையும் பேருந்தில் ஏற்றிவந்து இடிபாடுகளைக் காட்டினார். இதைக் கவனிக்க ஒரு கலவரம் தேவைப்பட்டது என்ற பொருளில் தலைப்பிட்டு அமைச்சரவைக்கு அறிக்கை எழுதினார். அரசு அமைத்திருந்த மெர்சிசைடு வளர்ச்சிக் கழகம் ஆல்பர்ட் டாக்கைத் தூர்வாரிப் புதுப்பித்தது. 1984-ல் சர்வதேச மலர்த் தோட்டத் திருவிழா நடத்தியது. தொழிற்கட்சியின் கோட்டையான லிவர்பூல், கன்சர்வேடிவ் கட்சிக்காரரான ஹெசல்டைனுக்கு 2012-ல் நகரின் கௌரவக் குடியுரிமை அளித்தது.

இந்தப் பின்னணியில்தான் 1985 டிசம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் அறிக்கை வந்தது. 'நகரில் விசுவாசம்' என்பது அதன் பெயர். கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி 1983-ல் அமைத்த ஆணையம் நலிந்த நகரப் பகுதிகளை நேரில் சுற்றிப் பார்த்து எழுதியது. மொத்தம் 61 பரிந்துரைகள். அவற்றில் 38 திருச்சபைக்கே சொன்னவை: ஏழைப் பகுதிகளுக்கு நல்ல குருமாரை அனுப்புங்கள், வசதியான பங்குகளின் பணத்தை வசதியற்ற பங்குகளுக்குத் திருப்புங்கள், கறுப்பின விசுவாசிகளைப் பின்வரிசையில் உட்காரவைக்காதீர்கள் என்பதுபோல. மீதி 23 அரசுக்கும் நாட்டுக்கும் சொன்னவை. உள்ளாட்சிகளுக்கான மானியத்தை உயர்த்த வேண்டும், நகர்ப்புறத் திட்டங்களுக்கு அதிகம் ஒதுக்க வேண்டும், வாடகை வீடுகள் கட்ட வேண்டும் என்றன அவை.

பத்திரிகைகளில் அடிபட்டதெல்லாம் அந்த 23 மட்டுமே. பெயர் சொல்லாத ஓர் அரசுத் தரப்பினர் இதை அப்பட்டமான மார்க்சிய இறையியல் என்றார். ரன்சியோ இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் சண்டையிட்டு மிலிட்டரி கிராஸ் விருது வாங்கியவர். அவரைப் புரட்சிக்காரர் என்று நம்ப யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. திருச்சபை தன் பங்குக்கு 1987-ல் நகர்ப்புற நிதி ஒன்றைத் தொடங்கி, மறைமாவட்டம் மறைமாவட்டமாகப் பணம் திரட்டியது. அரசைக் கேட்குமுன் தன் மடியை அவிழ்த்தது அதன் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

மிகக் கூர்மையான பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தலைமை ரப்பி இம்மானுவேல் யாக்கோபோவிட்ஸ் 1986-ல் எழுதிய மறுமொழியில் யூதர்களின் அனுபவத்தை முன்வைத்தார். லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வெறுங்கையோடு வந்த யூத அகதிகள் அரசை எதிர்பார்க்கவில்லை. தையல் கடைகளில் உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், ஒருவருக்கொருவர் தாங்கினார்கள், மேலே வந்தார்கள். உதவித்தொகையைவிட எந்த வேலையும் மதிப்பானது என்பது அவர் நிலை. இதில் ஏழைமீது வெறுப்பு இல்லை. 12-ம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தபோது உச்சிப்படியில் வைத்தது இதைத்தான்: ஒருவனுக்குக் கடன் தந்தோ, கூட்டுச் சேர்த்தோ, வேலை தந்தோ அவன் மறுபடி கையேந்தாதபடி செய்வது.

தாட்சர் தன் பதிலை 1988 மே 21 அன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபை முன்னால் நின்று சொன்னார். உழைக்காதவன் உண்ணக் கூடாது என்ற பவுலின் அறிவுரையை எடுத்துக்காட்டினார். முதலில் உழைத்துச் செல்வத்தை உண்டாக்காமல் பிறருக்கு எப்படி உதவ முடியும் என்று கேட்டார். அரசின் தலையீடு தனிமனிதப் பொறுப்பை விழுங்கும் அளவுக்குப் போகக் கூடாது என்றார். கேட்டு முடித்த சபைத் தலைவர் அவருக்கு அளித்த அன்பளிப்பு, வீட்டுவசதி பற்றியும் வறுமை பற்றியும் திருச்சபை வெளியிட்டிருந்த அறிக்கைகள்.

அந்த உரையை ஏளனமாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அதன் மையத்தில் உண்மையான தத்துவச் சிக்கல் உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் புண்ணியத்துக்கு இடம் உண்டு. வரி கட்டாவிட்டால் சிறை என்ற நிலையில் கட்டும் வரியால் யாரும் கருணை உள்ளவர் ஆகிவிடுவதில்லை. நல்ல சமாரியன் நல்லெண்ணத்தோடு பணமும் வைத்திருந்ததால்தான் உதவ முடிந்தது என்று 1980-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தாட்சர் சொன்னதும் இதே எண்ணம்தான். அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே பிடுங்கிக்கொண்டால் சமாரியன் எங்கிருந்து வருவான் என்பது அவரது தர்க்கம்.

தாட்சருக்கு இது பாடப்புத்தகத்திலிருந்து வந்த கருத்தல்ல. கிரந்தம் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த அவருடைய தந்தை ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் ஒரு மெதடிஸ்ட் பிரசங்கியார். சிக்கனம், உழைப்பு, கடன் வாங்காமை, கஷ்டப்படுகிறவனுக்குக் கையிலிருந்து கொடுப்பது என்று அந்த வீட்டுக் கிறிஸ்தவம் நேர்த்தியானது. நகர அரசியலிலும் அவர் இருந்தார்.

ஆனால் அதே மெதடிசம் டர்ஹாமின் சுரங்க ஊர்களில் வேறொரு மனிதரையும் உருவாக்கியது. பீட்டர் லீ பத்து வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். பிறகு மெதடிஸ்ட் பிரசங்கியார், தொழிற்சங்கத் தலைவர். 1919-ல் டர்ஹாம் நாட்டின் முதல் தொழிற்கட்சி மாவட்டக் கவுன்சிலாக ஆனபோது அதன் தலைவர் அவர். சுரங்கத் தொழிலாளிகளின் தெருக்களில் சாக்கடையும் குடிநீரும் இல்லாதது அவருக்கு ஆன்மிகப் பிரச்சினையாகவே இருந்தது. வியர்டேல் பள்ளத்தாக்கின் பர்ன்ஹோப் நீர்த்தேக்கத்துக்காகப் பல ஆண்டு பாடுபட்டார். காய்ச்சல் வந்த குழந்தைக்கு ரொட்டியும் கஞ்சியும் கொண்டுபோகும் அன்பை அவர் குறைத்துப் பேசியவரில்லை. அந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் தண்ணீரை மாற்ற ஒரு வீட்டின் தர்மத்தால் முடியாது, ஊர் முழுவதும் வரி கட்டினால்தான் முடியும் என்று கண்டவர். ஒரே வேதம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே எளிய தேவாலயம். கிரந்தத்தின் கடைத்தெருவில் அது தனிமனிதனின் பொறுப்பாக முளைத்தது. டர்ஹாமின் கரிப்படுகையில் பொதுக் குழாயாக முளைத்தது. ஆகவே கிறிஸ்தவம் எந்தப் பக்கம் என்று கேட்பதில் பொருளில்லை. எந்த இடத்தில் நின்று வேதத்தை வாசிக்கிறோம் என்பதே பதிலைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது.

அப்படியானால் தாட்சரின் கேள்விக்கு என்ன பதில்? வரி கட்டுபவனுக்குப் புண்ணியம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். புண்ணியம் யாருக்கு என்பது இங்கே விஷயமே இல்லை. லேவியராகமம் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது. உதிர்ந்த கதிரைப் பொறுக்காதே என்கிறது. அவை ஏழைக்கும் பரதேசிக்கும் உரியவை. வயல்காரன் பெரிய மனது பண்ணிக் கொடுக்கும் பிச்சையாக அதை அந்த நூல் நினைக்கவில்லை. 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்ற யூபிலி விதியும் அப்படியே. இஸ்லாத்தில் ஜகாத் கட்டாயக் கடமை. சதகா விருப்பம்போல் கொடுப்பது. வள்ளுவரும் ஒப்புரவுக்கும் ஈகைக்கும் அடுத்தடுத்துத் தனி அதிகாரம் வைத்தார். ஊரோடு வாழ்பவன் ஊருக்குச் செய்ய வேண்டியது முன்னால், இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது பின்னால். இத்தனை மரபுகள் இரண்டையும் பிரித்தே பார்த்திருக்கின்றன. ஈகையைக் கொண்டு ஒப்புரவை அளந்தால் தாட்சர் செய்த குழப்பம்தான் வரும்.

சமாரியன் உவமையிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனுக்கும் சமாரியனுக்கும் முன்பின் தொடர்பு கிடையாது. அதுதான் கதையின் அழகு. ஆனால் அரசு எரிகோ சாலையில் தற்செயலாக வந்த பயணி இல்லை. டர்ஹாமின் சுரங்கங்கள் 1947-லிருந்து நாட்டின் உடைமை; எந்தக் குழியை எப்போது மூடுவது என்று தீர்மானித்தது அரசின் நிலக்கரி வாரியம். லிவர்பூலின் லவ் லேன் பகுதியில் ஹென்றி டேட் 1872-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை 1981-ல் மூடியது. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தபின், பீட் கிழங்குச் சர்க்கரைக்குச் சாதகமான அதன் விதிகளால் கரும்புச் சர்க்கரைச் சுத்திகரிப்பு சுருங்கியது மூடலுக்கு முக்கியக் காரணம். சந்தையில் சேர்ந்ததால் நாடு மொத்தமாக லாபம் அடைந்திருக்கலாம். அந்த லாபத்தின் விலையை ஒரு சில தெருக்கள் மட்டும் கட்டின. எல்லோருக்குமான முடிவின் சுமையைச் சிலர்மேல் இறக்கிவைத்த நாடு அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதைக் கருணை என்று அழைப்பது தவறு. அது பாக்கி.

யாக்கோபோவிட்ஸுக்கும் இதே பதில்தான். மைமோனிடஸின் உச்சிப்படியில் ஏற ஒருவர் கூட்டுச் சேர வேண்டும், ஒருவர் கடன் தர வேண்டும், ஒருவர் வேலை தர வேண்டும். 1900-ல் கிழக்கு லண்டனில் தையல் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. 1981-ல் லிவர்பூலின் கரையோரத்தில் வேலை தரும் எவரும் மிஞ்சவில்லை.

பாக்கி என்று ஒப்புக்கொண்டால் வேறொன்றும் கூடவே வருகிறது. தானம் கொடுப்பவர் நிபந்தனை போடலாம், இடம் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். பாக்கியைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்த உரிமை இல்லை, வாங்குபவருக்குத்தான் பேச்சுரிமை. பிரிட்டனின் புனரமைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் சறுக்கிய இடம் இதுதான்.

சறுக்காத ஓர் இடத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். லிவர்பூலின் வாக்ஸ்ஹால் பகுதியில் எல்டன் தெருவைச் சுற்றி ஐரிஷ் கத்தோலிக்கத் துறைமுகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. அவர்களின் பழைய அடுக்குக் குடியிருப்புகளை இடித்து, ஆட்களை நகரின் பல மூலைகளுக்கும் அனுப்ப 1970-களின் இறுதியில் மாநகராட்சி திட்டமிட்டது. அவர்கள் மறுத்தார்கள். பங்குக் கோயிலை மையமாக வைத்துக் கூடினார்கள். டோனி மெக்கான் தலைமையில் கூட்டுறவு வீட்டுச் சங்கமாகத் திரண்டார்கள். மூடப்பட்ட அந்தச் சர்க்கரை ஆலையின் நிலத்திலேயே வீடு கட்டுவோம் என்றார்கள். வீடுகளின் வடிவமைப்பில், யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்பது உட்பட, குடும்பங்களே உட்கார்ந்து பேசின.

அவர்களைத் தடுத்தது வலதுசாரி அரசு அல்ல. 1983-ல் நகராட்சியைப் பிடித்த, தொழிற்கட்சியின் இடதுசாரி மிலிட்டன்ட் பிரிவு, வீடு கட்டுவது நகராட்சியின் வேலை, கூட்டுறவு எதற்கு என்று எதிர்த்தது. தாட்சர் அரசின் கீழ் இயங்கிய வீட்டுவசதிக் கழகத்தின் பணம்தான் திட்டத்துக்கு உயிர் கொடுத்தது. ஆங்கிலிக்கன் பிஷப் டேவிட் ஷெப்பர்டும் கத்தோலிக்கப் பேராயர் டெரக் வார்லாக்கும் ஒன்றாகத் துணை நின்றார்கள். ஷெப்பர்டு இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கு 22 டெஸ்ட் ஆடியவர். கடவுள் ஏழைகளின் பக்கம் சாய்பவர் என்று வாதிடும் புத்தகத்தை 1983-ல் எழுதியவர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரு காலத்தில் தெருச்சண்டை போட்ட நகரத்தில் இந்த இருவரின் நட்பே ஒரு பிரசங்கம். எல்டோனியன் கிராமம் என்று பெயர் பெற்ற அந்தக் குடியிருப்பில் சுமார் 300 வீடுகள் எழுந்தன; 2004-ல் உலக வாழிட விருது கிடைத்தது.

கீழே இருப்பவர்கள் செய்யக்கூடியதை மேலே இருப்பவர்கள் பறித்துக்கொள்வது அநீதி என்று போப் 11-ம் பயஸ் 1931-ல் தன் சுற்றுமடலில் எழுதினார். அரசு விலகிக்கொள்ள வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்பவர்கள் எல்டன் தெருவைப் பார்க்க வேண்டும். அரசின் பணம் இல்லாமல் அங்கே ஒரு செங்கல் ஏறியிருக்காது. மக்களின் முடிவு இல்லாமல் அது ஊராகியிருக்காது.

ஆல்பர்ட் டாக்கைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கட்டடங்கள் பிழைத்தன. 1988-ல் அங்கே டேட் கலைக்கூடம் திறந்தது. சர்க்கரை ஆலை தொடங்கிய அதே ஹென்றி டேட்டின் பெயர். சுற்றுலாப் பயணிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கும் டோக்ஸ்டெத்தின் கறுப்பின இளைஞர்களுக்கு இதிலிருந்து கிடைத்தது மிகக் குறைவு. 1989-ல் கிஃபோர்டு பிரபுவின் விசாரணை அறிக்கை அந்த நகரில் இனப் பாகுபாடு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதைப் பட்டவர்த்தனமாக எழுதியது. கலவரம் நடந்தது ஓரிடம். பணம் போய்ச் சேர்ந்தது இன்னோரிடம்.

டோனி பிளேர் 1997-ல் பிரதமரானதும் முதல் உரையைத் தெற்கு லண்டனின் ஐல்ஸ்பரி குடியிருப்பில் நிகழ்த்தினார். மறந்துவிடப்பட்டவர்கள் என்று இனி யாரும் இல்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டு தொடங்கிய சமூகங்களுக்கான புதிய ஒப்பந்தத் திட்டம் 39 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பத்தாண்டுகளில் மொத்தம் சுமார் 200 கோடி பவுண்டு ஒதுக்கியது. ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 5 கோடி. நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களுக்கு இடம். 2010-ல் வந்த ஆய்வின் முடிவு கவனிக்கத்தக்கது. தெருக்கள் மேம்பட்டன, குற்றம் குறைந்தது, இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்பவர்கள் கூடினார்கள். படிப்பிலும் வேலையிலும் மாற்றம் அவ்வளவு இல்லை. இடம் குணமான அளவு மனிதர்கள் குணமாகவில்லை. பத்தாண்டு என்பது அரசியலில் நீண்ட காலம். ஒரு தலைமுறையின் இழப்பைச் சரிசெய்ய அது போதாது.

ஐல்ஸ்பரியில் 2001-ல் வாக்கெடுப்பு நடந்தது. குடியிருப்பை வீட்டுவசதிச் சங்கத்துக்கு மாற்றி மறுநிர்மாணம் செய்யலாமா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். நான்கு ஆண்டுகளில் கவுன்சில் இடித்துக் கட்டும் முடிவுக்கே வந்தது. மக்களிடம் கேட்பது பதிலைக் கேட்டுக்கொள்வதற்காக என்றால் இது வெட்கக்கேடு.

இதைவிட மோசமானதும் நடந்தது. வடக்கு, மத்திய இங்கிலாந்தின் பழைய தெருக்களுக்காக 2002-ல் வந்த வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டம் சுமார் 220 கோடி பவுண்டு செலவழித்தது. சுமார் 30,000 வீடுகளை இடித்தது. 2011-ல் பாதியில் நின்றுபோனது. ஜன்னலுக்குப் பலகை அடித்த தெருக்கள் அப்படியே கிடந்தன. டோக்ஸ்டெத்தின் கிரான்பி பகுதியில் காலியாக்கப்பட்ட நான்கு தெருக்களில் போக மறுத்துத் தங்கிய சிலர், பெரும்பாலும் பெண்கள், குப்பையை அள்ளினார்கள், பாழ்வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தார்கள், தொட்டிகளில் செடி வைத்தார்கள், தெருவிலேயே மாதச் சந்தை போட்டார்கள். 2011-ல் சமூக நில அறக்கட்டளையாகப் பதிவு செய்து, பாழ்வீடுகளைக் கேட்டு வாங்கிப் புதுப்பித்தார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற கட்டடக் கலைக் குழுவுக்கு 2015-ன் டர்னர் பரிசு கிடைத்தது. இறந்துவிட்டன என்று நிபுணர்கள் சான்றளித்த தெருக்கள் அவை.

கிராமங்களின் கதையைப் பேச ஆட்கள் குறைவு. திருச்சபை 1990-ல் கிராமப்புறத்துக்காகத் தனி அறிக்கை வெளியிட்டது. அழகான புல்வெளிக்கும் கல்வீட்டுக்கும் பின்னால் வறுமை ஒளிந்திருக்கிறது, பேருந்தும் பள்ளியும் கடையும் ஒவ்வொன்றாய்ப் போகின்றன, நகரத்தார் இரண்டாம் வீடு வாங்குவதால் ஊர்ப்பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பதில்லை என்று அது சொன்னது. இதில் ஒரு தத்துவச் சிக்கலும் உண்டு. அரசு வறுமையைப் பகுதி பகுதியாக அளக்கிறது. நகரத்தில் ஏழைகள் ஒரே தெருவில் இருக்கிறார்கள், அளவுகோலில் தெரிகிறார்கள். கிராமத்தில் பத்துப் பணக்கார வீடுகளுக்கு நடுவே ஓர் ஏழை வீடு இருக்கும். சராசரியில் அது மறைந்துபோகும். காணாமல்போன ஓர் ஆட்டுக்காக 99 ஆடுகளை விட்டுவிட்டுப் போகும் மேய்ப்பனைப் பற்றிச் சொல்லும் மதம், சராசரியால் அளக்கும் ஓர் அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரின் இஷ்டத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2019-ல் அறிவித்த 360 கோடி பவுண்டு நகரங்கள் நிதிக்கு 101 ஊர்கள் தேர்வாயின. அந்தத் தேர்வில் வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2020-ல் கண்டித்தது. பாக்கியை வேண்டியவர்களுக்கு மட்டும் திருப்பித் தருவதை எந்த ஊர் நியாயமும் ஏற்காது.

ஹோவின் கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. எல்லா ஊர்களையும் காப்பாற்ற யாரிடமும் பணம் இல்லை. தீர்ந்த கரியை எந்த அரசாலும் மறுபடி உண்டாக்க முடியாது. இது உண்மை. சில ஊர்கள் சுருங்கத்தான் செய்யும். ஆனால் பாக்கி கட்டடத்துக்கு உரியதல்ல. அங்கே சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு உரியது. இருப்பதா, பெயர்வதா, பெயர்ந்தால் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவதா என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதற்கான செலவை நாடு ஏற்க வேண்டும். டர்ஹாம் 1977-ல் டி கொள்கையைக் கைவிட்டது. சாகும் என்று குறித்த ஊர்களில் பலவற்றில் இன்றும் விளக்கு எரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் சுரங்கத் தொழிலாளர் திருவிழாவன்று சங்கக் கொடிகளை டர்ஹாம் பேராலயத்துக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோய் வழிபடுகிறார்கள். சுரங்கம் ஒன்றுகூட இல்லாத மாவட்டத்தில் இது தொடர்கிறது.

2025-ல் பிரிட்டிஷ் அரசு 75 ஊர்களுக்குத் தலா 2 கோடி பவுண்டு வரை பத்தாண்டுகளில் தருவதாக அறிவித்தது; எதற்குச் செலவழிப்பது என்பதை உள்ளூர்க் குழுக்களிடம் விடுவதாகவும் சொல்லியிருக்கிறது. அந்தக் குழுக்களின் வேண்டாம் என்ற பதிலுக்கும் மதிப்பு இருக்குமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஊர்களின் பொறுப்பு.

அரசுக்கு உபதேசம் சொன்ன திருச்சபையும் தன் பழைய கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறது. அதன் சொத்தின் ஒரு பகுதி 18-ம் நூற்றாண்டில் அடிமை வணிகம் செய்த தென்கடல் நிறுவனத்தில் முதலீடு செய்ததோடு தொடர்புடையது என்று அதன் ஆய்வே கண்டுபிடித்தது. 2023 ஜனவரியில் திருச்சபையின் சொத்து ஆணையர்கள் அந்த வணிகத்தால் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கென்று 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். அந்தத் தொகை போதாது என்று சொல்பவர்களும் திருச்சபைக்குள்ளேயே இருக்கிறார்கள்.